“ஒளு கூடுச்சா, வாப்பா?”: கடலோரச் சிறுவன் ஒருவனின் ஓசிடியும் டிக்ஸும் – நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த பதிமூன்று வயதுச் சிறுவனின் சிகிச்சைப் பதிவு இது. ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோல் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். டிக்ஸ் என்பது அடக்க முடியாமல் திடீரென்று வரும் அசைவும் ஒலியும். குடும்பத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. அடையாளம் தெரியாதபடி ஊர், தொழில், குடும்ப விவரங்களில் சில மாற்றப்பட்டுள்ளன. மருந்தளவும் அளவுகோல் மதிப்பெண்களும் சிகிச்சைக் குறிப்பில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. குழந்தைகளோடு வேலை செய்யும் மருத்துவர், உளவியலாளர், ஆசிரியர், மதரஸா உஸ்தாத் (மார்க்கக் கல்வி ஆசிரியர்) ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பின்னணி

பையன் எட்டாம் வகுப்பு. வாப்பா (அப்பா) சவூதியில் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வீட்டில் உம்மா (அம்மா), உம்மம்மா (அம்மாவின் அம்மா), கல்லூரியில் படிக்கும் ராத்தா (அக்கா). பக்கத்துத் தெருவில் தாய்மாமா. வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். பிறப்பிலும் வளர்ச்சியிலும் குறையில்லை. ஏழாம் வகுப்பு வரை முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவன். ஒன்பது வயதில் கண்ணை வெடுக்கென்று சிமிட்டத் தொடங்கி, பிறகு தொண்டையைச் செருமும் பழக்கமும் சேர்ந்தது. “யாரையோ பாத்துப் பழகிட்டான்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். வாப்பாவுக்குப் பூட்டை நாலைந்து முறை இழுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு என்பது பின்னால் கேட்டபோதுதான் தெரிந்தது.

அந்த வீட்டின் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோயைச் சொல்ல முடியாது. கிணறு உப்பு. பைப் தண்ணீர் நாள்விட்டு நாள். குடிக்கவும் சமைக்கவும் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்த்த கை ஒரு மாதிரி பிசுபிசுத்தே இருக்கும். “சுத்தமாயிடுச்சு” என்ற உணர்வுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த உணர்வு வரவே வராது. இதே நோய் நல்ல தண்ணீர் ஓடும் ஊரில் இருந்திருந்தால், வீட்டில் சண்டை கிளம்ப இன்னும் ஒரு வருடமாவது ஆகியிருக்கும்.

எப்படித் தொடங்கியது

பதினொன்றரை வயதில், டியூஷன் விட்டு வரும் வழியில், கருவாடு காயும் களத்தருகே ஒரு நாய் அவன் காலை உரசிக்கொண்டு போனது. இந்தக் கடலோரத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட மரபு). அதில் நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். இரண்டும் காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. இந்தச் சட்டம் பையனுக்கு நன்றாகத் தெரியும். அவன் சிக்கிக்கொண்டது வேறு இடத்தில்: “நாய் காஞ்சிருந்துச்சா, ஈரமா இருந்துச்சா?” அன்று ஏழு தடவை கழுவினான். மறுநாள், எண்ணிக்கை சரியாக இருந்ததா என்ற ஐயத்தில் மறுபடி ஏழு.

அடுத்த பதினான்கு மாதத்தில் இது மெல்ல மெல்ல விரிந்தது. நாய் போன பாதை, அந்தப் பாதையில் நடந்தவரின் செருப்பு, அந்தச் செருப்பு கிடந்த வாசல். பிறகு சிறுநீர்ச் சொட்டு. பிறகு ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்) முறிந்திருக்குமோ என்ற ஐயம். தொழுகையின் தொடக்கத்தில் கை உயர்த்தித் தக்பீர் கட்டும்போது நிய்யத்து (தொழப்போகிறேன் என்ற மன உறுதி) மனத்தில் வரவில்லை என்று கையை இறக்கி மறுபடி கட்டுவான். கடைசி நான்கு மாதம் தொழும்போது அல்லாஹ்வைப் பற்றிக் கெட்ட வார்த்தைகள் மனத்தில் வந்தன. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

உதவி தேடிய பாதை

முதலில் பார்த்தது தோல் மருத்துவர். விரலிடுக்கு வெடித்து, புறங்கை சிவந்து, வலது கணுக்காலுக்கு மேலே மணல் தேய்த்த சிராய்ப்பு. களிம்பு கொடுக்கப்பட்டது, பத்து நாளில் ஆறும், இரண்டு வாரத்தில் மறுபடி வெடிக்கும். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. குழந்தையின் கையில் திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் புண்ணுக்கு இந்தக் கேள்வியை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். அரை நிமிடம் போதும்.

பள்ளியில் வேறு புகார்: கவனமில்லை, எழுத்து மெதுவு, நோட்டில் ஓட்டை. மதரஸாவில் உஸ்தாத் செருமலைக் கேலி என்று எடுத்துக்கொண்டு வெளியே நிற்க வைத்தார். வீட்டில் உம்மம்மாவுக்கு மட்டும் பெருமை: “என் பேரன் மாதிரி பேணுதலா தொழுறவன் இந்தத் தெருவுல இல்ல.” நோயைப் பக்தி என்று படித்ததில் ஏறத்தாழ ஒரு வருடம் போய்விட்டது.

மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று ராத்தா சொன்னபோது உம்மா மறுத்தார். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த தலைமுறைக்கு ‘மனசு ஆஸ்பத்திரி’ என்ற சொல்லே சங்கிலிச் சத்தத்தோடுதான் கேட்கும். கடைசியில் குடும்பம் துஆவுக்காக (பிரார்த்தனைக்காக) ஏர்வாடி தர்காவுக்கே போனது. இன்று அங்கேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்கும் அரசு ஏற்பாடு உண்டு. அங்கிருந்த செவிலியர் பையனின் கையைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். தாயத்தைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிகிச்சைக் குழுவும் கடைசி வரை கேட்கவில்லை.

மதிப்பீட்டில் கண்டவை

முதல் சந்திப்பு 90 நிமிடம். பாதி நேரம் பையனிடம் தனியாக. ஓசிடியின் கடுமையை அளக்கும், குழந்தைகளுக்கான யேல்-பிரவுன் அளவுகோலில் எண்ணங்களுக்கு 14, சடங்குகளுக்கு 15, மொத்தம் 40-க்கு 29. 24 முதல் 31 வரை கடுமையான நிலை.

எண்ணத்தையும் செயலையும் சேர்த்துக் கேட்காமல், ஒரு நாளை சுபுஹிலிருந்து (அதிகாலைத் தொழுகை) இஷா (இரவுத் தொழுகை) வரை நடந்தபடி சொல்லச் சொன்னது பலன் தந்தது. ஒரு ஒளுவுக்கு 25 முதல் 40 நிமிடம். குழாயைத் திறந்துவிட்டே கழுவுவதால் அளவு தெரியவில்லை. வாளி வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம்: ஒரு ஒளுவுக்கு ஏறக்குறைய 70 லிட்டர். ஐந்து வேளைக்கு 350 லிட்டர். மொட்டைமாடியிலுள்ள 500 லிட்டர் தொட்டி சீக்கிரமே காலியாவதில் பெரும்பங்கு இதுதான்.

கெட்ட எண்ணங்களைப் பற்றி நேராகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. “இந்த நோய் உள்ள நிறையப் பிள்ளைகளுக்கு, அவங்க ரொம்ப மதிக்கிற விஷயத்தப் பத்தியே அசிங்கமான எண்ணம் வரும். உனக்கு எப்படி?” என்று கேட்டபோது அழுதான். குரலாக வெளியிலிருந்து கேட்கிறதா, தன் மனத்திலேயே ஓடுகிறதா என்று பிரித்துக் கேட்டோம். தன் எண்ணமே, ஆனால் தான் விரும்பாத எண்ணம் என்றான். மனச்சிதைவு பற்றிய ஐயம் அதோடு நீங்கியது. தான் காஃபிராகிவிட்டதாக (இறைமறுப்பாளனாகிவிட்டதாக) நம்பினான். “செத்துட்டா கணக்கு அதோட நின்னுரும்ல” என்றும் சொன்னான். தற்கொலைத் திட்டமோ முயற்சியோ இல்லை. ஆனாலும் பாதுகாப்புத் திட்டம் அன்றே எழுதப்பட்டது: இரவில் ராத்தா அறையில் படுப்பது, மாத்திரைகள் உம்மாவின் பொறுப்பில், எந்நேரமும் அழைக்க அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416.

கூட இருந்தவை: கண் சிமிட்டல், செருமல், தோள் வெட்டு, நான்கு வருடமாக. ஒரு வருடத்துக்கு மேல் அசைவும் ஒலியும் இரண்டுமே இருப்பதால் டூரெட் என்ற பெயருக்குள் வரும். மிதமான மனச்சோர்வு; இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் போகிறான். கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்ததில், ஐந்தாம் வகுப்பு வரை எந்த அறிகுறியும் இல்லை. நோட்டைப் புரட்டியபோது விளங்கியது: ‘ற’ எழுத்தின் வளைவு சரியாகப் படும் வரை அழிப்பானால் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. கவனம் குறைவல்ல, ஒரே இடத்தில் சிக்கியிருந்தது.

ஓசிடியோடு டிக்ஸ் உள்ள பிள்ளைகளிடம் இரண்டு வகைச் சடங்கு கலந்திருக்கும், இவனிடமும் இருந்தது. நாய், சொட்டு, ஒளு எல்லாம் பயத்தால் வருபவை. செய்யாவிட்டால் ஏதோ கெடும். நிலைக்காலை இடது கையால் தட்டினால் வலது கையாலும் தட்டுவதும் எழுத்தைத் திருத்துவதும் அப்படியல்ல. “என்ன ஆகும்?” என்றால் “ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு மாதிரி இருக்கும்” என்கிறான். இரண்டாவது வகைக்குப் பயத்தைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

தொண்டைப் புண்ணுக்குப் பிறகு ஓரிரு நாளில் வெடித்துக் கிளம்பும் வகையா என்றும் கேட்கப்பட்டது. இது பதினான்கு மாதத்தில் வளர்ந்தது. அதனால் அந்தத் தொண்டைப் புண் கிருமிக்கான (ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) பரிசோதனை எடுக்கவில்லை.

அந்த வாய்ஸ் மெசேஜ்

குடும்பம் நோய்க்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைத் தனியாக அளந்தோம். உம்மா வாளி நிரப்பித் தருகிறார். ராத்தா பக்கத்தில் நின்று “ஆமா, மூணு தடவை கழுவிட்டே” என்று சாட்சி சொல்கிறார். எல்லோரும் செருப்பை முச்சந்திக்கு அப்பாலேயே விட்டு வருகிறார்கள். ராத்தா தன் நோட்டில் இரண்டு நாள் கோடு போட்டு எண்ணியதில், ஒரு நாளைக்கு 60-க்கு மேற்பட்ட கேள்விகள்.

ராத்தா எண்ணாதது ஒன்று இருந்தது. இஷாவுக்குப் பிறகு வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்பான்: “ஒளு கூடுச்சா, வாப்பா?” வண்டி ஓட்டிக் களைத்த அந்த மனிதர் எப்போதோ ஒரு நாள் அனுப்பிய நான்கு விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று: “கூடுச்சு வாப்பா, போய்ப் படு.” பையன் அதை நட்சத்திரக் குறியிட்டு வைத்து, போர்வைக்குள் காதில் வைத்து, தூக்கம் வரும் வரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறான். குழாயை மூடினாலும் இந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதன்மைச் சிகிச்சை: பயப்படுவதை எதிர்கொள்ள வைத்து, அதற்கான சடங்கைச் செய்யாமல் தடுக்கும் பயிற்சி. கூடவே, ஓசிடிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் செர்ட்ரலின் மாத்திரை. இரண்டையும் சேர்த்ததற்குக் காரணம் கடுமை, மனச்சோர்வு, தொலைவு. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில் 12 வாரத்தில் நோய் ஏறத்தாழ நீங்கியவர்கள்: இரண்டும் சேர்த்தவர்களில் 53.6 விழுக்காடு, பயிற்சி மட்டும் 39.3, செர்ட்ரலின் மட்டும் 21.4, போலி மாத்திரை 3.6. அதே பிள்ளைகளில் டிக்ஸ் உள்ளவர்களுக்குச் செர்ட்ரலின் மட்டும் கொடுத்தது போலி மாத்திரையைவிட மேலாக அமையவில்லை. பயிற்சி பலன் தந்தது. ஆக இந்தப் பையனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்வது எளிய வழி, ஆனால் தப்பான வழி.

டிக்ஸுக்கு மருந்து வேண்டாம் என்று முடிவானது. அவை அவனுக்கு வலியோ காயமோ தரவில்லை, தொந்தரவு கேலியால்தான்.

மூன்றாவது முடிவு, ஊர்ப் பள்ளிவாசலின் ஹஜ்ரத்தை (இமாமை) உதவிக்கு அழைப்பது. இங்குள்ள மக்களுக்கு ‘வஸ்வாஸ்’ என்ற சொல் ஏற்கெனவே தெரியும். ஐயத்துக்கு மேல் ஐயமாக மனத்தில் ஊதப்படும் ஊசலாட்டம். நோய்க்கு நாம் புதுப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஹஜ்ரத் மார்க்கச் சட்டத்தைத் தெளிவாகச் சொன்னார்: உறுதியானதை ஐயம் நீக்காது, ஒளுவில் உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவுவது வெறுக்கத்தக்கது, நபிகளார் ‘முத்’ என்ற ஒரு அளவு, அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளு செய்ததாக நபிமொழி உண்டு, மனத்தில் வந்துபோகும் எண்ணம், சொல்லாத வரை செய்யாத வரை, குற்றமாகாது. பையன் அன்று இரவு நன்றாகத் தூங்கினான். குழுவுக்கும் நிம்மதி. இந்த நிம்மதியைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும்.

முதல் ஆறு வாரம்: மூன்று சறுக்கல்கள்

மூன்று நாள் கழித்துப் பையன் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்தின் வாசலில் நின்றான். முழங்கை மடிப்பில் தண்ணீர் சேர்ந்ததா என்று ஐயம் வந்தால் அது ஐயமா, உறுதியா? ஹஜ்ரத் பொறுமையாகப் பதில் சொன்னார். மறுநாள் வேறு கேள்வி. இரண்டாம் வாரத்தில் ஒரே நாளில் 17 வாய்ஸ் மெசேஜ். யூடியூபில் வேறு ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) பதில்களையும் தேடி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியான மார்க்கத் தீர்ப்பே புதுச் சடங்காகிவிட்டது. ஹஜ்ரத் சொன்னதில் பிழையில்லை. ஆறுதல் எங்கிருந்து வந்தாலும் ஓசிடிக்கு அது ஆறுதல்தான் என்பதைக் குழு அவருக்கு முன்கூட்டிச் சொல்லாததுதான் பிழை. திருத்தம்: நான்கு வரிகளை ஹஜ்ரத் தன் கையால் ஒரு தாளில் எழுதினார். “இதுக்கு மேல நீ கேக்குற கேள்விக்குப் பதில் இல்ல. பதில் தெரியாமலேயே தொழு. அதுக்கு நான் பொறுப்பு” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தாள் உம்மாவிடம். பையன் அதை வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம். இல்லாவிட்டால் தாளும் அந்த வாய்ஸ் மெசேஜ் போலாகியிருக்கும்.

‘பொறுப்பு’ என்ற சொல்லையும் பின்னர் கைவிடச் சொன்னோம். பொறுப்பை வேறொருவர் தோளில் இறக்கிவைப்பதும் ஒரு தப்பித்தல்தான்.

இரண்டாவது சறுக்கல் மாமாவால். “தண்ணிய நிறுத்தினா தானா நிப்பான்” என்று ஒரு மக்ரிபில் (அந்தித் தொழுகை நேரத்தில்) தொட்டியின் வால்வை மூடிவிட்டார். பையன் கிணற்றடிக்கு ஓடி, உம்மா தடுத்தபோது அவரைத் தள்ளிவிட்டு, பள்ளிவாசலின் ஹவுளில் (ஒளு செய்யும் நீர்த்தொட்டியில்) இறங்கி இரவு பதினொன்று வரை கழுவினான். அடுத்த இரண்டு அமர்வுகளுக்கு வாய் திறக்கவில்லை. குடும்பத்தின் ஒத்துழைப்பைக் குறைப்பது படிப்படியாகத்தான் நடக்க வேண்டும், முன்னறிவித்து, பிள்ளையின் ஒப்புதலோடு. திடீரென்று பறித்தால் பிள்ளை சடங்கை விடாது, இடத்தை மாற்றும்.

மூன்றாவது, மாத்திரை. எடை 38 கிலோ. காலை உணவுக்குப் பின் 25 மில்லிகிராமில் தொடங்கி, எட்டாம் நாள் 50. 50-க்கு ஏற்றிய நான்காம் நாளில் உட்கார முடியாத பரபரப்பு, எரிச்சல், இரவு இரண்டு மணி வரை விழிப்பு. குடும்பம் பயந்து நிறுத்திவிட்டது; ஐந்து நாள் கழித்தே சொன்னார்கள். தான் பெரியவன் என்ற மிதப்போ, தூங்காமலே உற்சாகமாக இருப்பதோ இல்லை, களைப்பும் எரிச்சலும்தான். ஆகவே இது மிகையெழுச்சி நோய் அல்ல, இந்த வகை மருந்துகளில் பிள்ளைகளுக்கு வரும் தூண்டல் விளைவு என்று எடுத்துக்கொண்டோம். மறுபடி 25, இரண்டு வாரம். பிறகு ஒன்றரை மாத்திரை, 37.5, ஏழாம் வாரம் 50, பத்தாம் வாரம் 75, பன்னிரண்டாம் வாரம் 100. பதின்மூன்று வயதுக்கு 50-இல் தொடங்குவது அனுமதிக்கப்பட்ட அளவுதான். ஆனால் டிக்ஸும் பதற்றமும் சேர்ந்த ஒல்லிப் பிள்ளைக்கு இந்த மெதுவான ஏற்றமே முதல் நாளிலிருந்து இருந்திருக்கலாம். முதல் மாதம் வாரந்தோறும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளோடு அச்சிடச் சொன்ன எச்சரிக்கை அது.

ஆறாம் வார மதிப்பெண் 27. கிட்டத்தட்ட அதே இடம்.

ஒரு லிட்டர் செம்பு

16 வாரத்தில் 14 அமர்வு. எட்டு நேரில், ஆறு வீடியோ அழைப்பில். வீடியோ அழைப்பை வசதிக்காகத் தொடங்கினோம். பிறகு அதுவே நேரில் வருவதைவிட மேலாகப் பட்டது, ஏனென்றால் குழாயும் நிலைக்காலும் வீட்டில்தான் இருக்கின்றன.

பையனே 0 முதல் 100 வரை பயத்துக்கு எண் கொடுத்து ஏணி கட்டினான். வாசல் கதவைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் புத்தகம் எடுப்பது 30. அளந்த தண்ணீரில் ஒளு 55. சிறுநீர் கழித்தபின் ஒரே தடவை துடைத்துவிட்டு, திரும்பப் பார்க்காமல் வருவது 65. தக்பீர் ஒரே தடவை, நிய்யத்து ‘சரியா வரல’ என்ற உணர்வோடே தொழுவது 75. கருவாட்டுக் களத்தின் வழியே வெறுங்காலில் நடந்து வந்து அப்படியே படுக்கையில் உட்காருவது 90.

தண்ணீர் இறங்கிய வரிசை: முதலில் குழாய் வேண்டாம், 18 லிட்டர் வாளி ஒன்று. நான்கு நாள் கழித்து அரை வாளி. பிறகு 5 லிட்டர் கேன். பிறகு உம்மாவின் பித்தளைச் செம்பு. அளந்து பார்த்ததில் கழுத்து வரை ஒரு லிட்டர். செம்பு காலியானால் ஒளு முடிந்தது, எங்கே விட்டுப்போயிருந்தாலும். முதல் நாள் இடது கால் விரலிடுக்கு வரும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. கை நடுங்க நின்றான். பயம் 85 என்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண் மட்டும் கேட்கப்பட்டது, ஆறுதல் சொல்லப்படவில்லை. 40 நிமிடத்தில் 45-க்கு வந்தது. மறுநாள் தொடக்கமே 60. பயம் இறங்கியே தீரும் என்று எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை. இறங்காவிட்டாலும் இருக்க முடியும் என்பதைத்தான் அவன் கற்க வேண்டியிருந்தது.

வீட்டார் எல்லோருக்கும் ஒரே பதில் எழுதிக் கொடுக்கப்பட்டது: “இது வஸ்வாஸ் கேக்குற கேள்வி. உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியும். பதில் சொல்ல மாட்டேன்.” முதல் வாரம் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் இந்தப் பதில். பிறகு ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரம் கூட்டப்பட்டது. உம்மம்மாவுக்குத்தான் மிகக் கடினம். பிள்ளை அழும்போது பதிலை விழுங்குவது அவருக்குக் கொடுமையாகப் பட்டது. அந்த நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுமாறு சொன்னோம். அதை அவர் கச்சிதமாகச் செய்தார்.

கெட்ட எண்ணங்களுக்கான பயிற்சியில் ஒரு முடிவைக் காரணத்தோடு குறிக்க வேண்டும். மற்ற பயங்களில் பயப்படும் வாக்கியத்தையே எழுதிப் படிக்கச் சொல்வதுண்டு. இங்கே இறைநிந்தனை வாக்கியத்தை எழுதச் சொல்லவில்லை. அவன் எதிர்கொள்ள வேண்டியது பாவத்தையல்ல, “நான் பாவம் செய்தேனா என்று தெரியவில்லை” என்ற நிலையை. ஆகவே எழுதியது: “எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. அதுக்கு நான் தவ்பா செய்யல. அது என்னன்னு திரும்பிப் பாக்கல.” (தவ்பா என்றால் பாவமன்னிப்புக் கேட்பது.) இதைத் தினம் பத்து நிமிடம் வாசித்தான். 33 தடவை தவ்பா சொல்லும் சடங்கு மூன்று வாரத்தில் நின்றது. நோய்க்காகச் சொல்வது எது, இபாதத்தாக (வணக்கமாக) சொல்வது எது என்று பிரிக்க ஒரு அளவு: தொழுகைக்குப் பின் எல்லோரும் ஓதுவது சரி, எண்ணம் வந்தவுடன் அதை அழிக்க ஓதுவது சடங்கு.

ஒன்பதாம் வாரம் வாப்பா ஆறு வார லீவில் வந்தார். முதல் அமர்வில் அந்த வாய்ஸ் மெசேஜை அவரும் பையனும் சேர்ந்து அழித்தார்கள். பதினோராம் வாரம் மாமாவின் வள்ளத்தருகே, அஸர் நேரம். செம்பும் இல்லை, குழாயும் இல்லை. கடல் தண்ணீர் சுத்தமானது என்பது மார்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பையன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒளு செய்தான். பத்தடி தள்ளி ஒரு நாய் வலையை மோந்துகொண்டிருந்தது. வாப்பாவைத் திரும்பிப் பார்த்தான். வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்யும்படி முன்பே பேசி வைத்திருந்தோம். பையன் ஈர மணலிலேயே தக்பீர் கட்டினான். ஒரே தடவை.

டிக்ஸும் பள்ளியும்

செருமலுக்கு, அது வரப்போகும் அரிப்பு தொண்டையில் தெரிந்தவுடன் வாயை மூடி மூக்கால் மெதுவாக ஒரு நிமிடம் மூச்சுவிடும் மாற்றுச் செயல். சிமிட்டலுக்கு, சில விநாடிக்கு ஒரு தடவை வேண்டுமென்றே மெதுவாக இமைப்பது. தோள் வெட்டைத் தொடவே இல்லை. அவனுக்கு அது பொருட்டில்லை. உஸ்தாதிடம் ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டோம்: பார்த்தும் பாராதது போல் இருங்கள்.

பள்ளிக்கு அழிப்பான் வேண்டாம், பேனா மட்டும், தப்பை ஒரே கோட்டில் அடிக்கலாம், அடித்ததற்கு மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் ஏற்பாடு. ‘ஒரு மாதிரி’ உணர்வுக்கான பயிற்சி அங்கேதான் நடந்தது: தினம் ஒரு பக்கம் வேண்டுமென்றே கோணலாக எழுதுவது.

பின்தொடர்ச்சி

16-ஆம் வாரம் மதிப்பெண் 17. 41 விழுக்காடு குறைவு. 35 விழுக்காடு குறைந்தாலே பலன் என்று கொள்வது வழக்கம். ஆனால் 17 என்பது இன்னும் மிதமான நோய்தான். ஆறாம் மாதம் 11. பள்ளிக்கு எல்லா நாளும் போனான். சாவு பற்றிய எண்ணம் நான்காம் மாதத்துக்குப் பிறகு வரவில்லை. தோல் தானாகவே ஆறியது.

பத்தாம் மாதம் ரமலான் நோன்பு. மாத்திரையை சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவுக்குப் பிறகு என்று மாற்றிக் கொடுத்தோம். அது சரியாகப் போனது. எதிர்பாராதது எச்சில். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியுமோ என்று இரண்டாம் நோன்பிலிருந்து துப்பத் தொடங்கி, ஐந்தாம் நாள் வாய் உலர்ந்து தலைசுற்றி விழுந்தான். மதிப்பெண் 18. மூன்று கூடுதல் அமர்வு. பயிற்சி ஒன்றே: பத்து நிமிடம் எண்ணி, எச்சிலை வழக்கம்போல் விழுங்கி, யாரிடமும் கேட்காமல் இருப்பது. நோன்பின் கடைசிப் பத்துக்குள் துப்புவது நின்றது. பதினான்காம் மாதம் 9. செர்ட்ரலின் 100 தொடர்கிறது. நல்ல நிலை ஒரு வருடம் நீடித்த பிறகு, பரீட்சையும் நோன்பும் இல்லாத மாதமாகப் பார்த்து, 25 மில்லிகிராம் வீதம் குறைக்கத் திட்டம்.

மறுபடி செய்வதானால்

பையன் ஹஜ்ரத்தைச் சந்திக்கும் முன்பே அவரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எத்தனை தடவை பதில் சொல்லலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒத்திகை பார்ப்போம். மாமாவை முதல் குடும்பச் சந்திப்பிலேயே அழைப்போம். வீட்டு ஆண் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் முடிவெடுப்பவர் யார் என்று கேட்காமல் விட்டதன் விலைதான் அந்த ஹவுள் இரவு. கைபேசியில் சேமித்திருக்கும் மெசேஜ், வீடியோ, தேடல் வரலாறு எல்லாவற்றையும் சடங்குப் பட்டியலில் முதல் நாளே சேர்ப்போம். மாத்திரையின் பரபரப்பு எப்படி இருக்கும், வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுப்போம்.

நோன்புக்கு ஆறு வாரம் முன்பே எச்சில், வாந்தி, காதில் தண்ணீர் என்று ஐயம் முளைக்கக்கூடிய இடங்களைப் பையனோடு உட்கார்ந்து எழுத வேண்டும். இந்த வருடத்துக்கான பட்டியலை அவனே எழுதிவிட்டான். ஏழு வரி இருக்கிறது. ஏழாவது வரியை அடித்து, அதற்கு மேலேயே வேறொன்று எழுதியிருக்கிறான், ஒரே கோட்டில்.